பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கும் மேடம்

எங்கள் மாடிக்குக் குடிவந்த அன்று, பால் காய்ச்சுவதற்கு முன்பே மேடம் செய்த முதல் காரியம் மெயின் சுவிட்சை அணைத்ததுதான். கீழே என் அடுக்களையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி பொசுக்கென்று நின்றது. ஈரக் கையோடு படியேறிப் போனேன். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் வீடு இருட்டானால் மனசுக்கு எப்படி இருக்கும்? அவரோ ஸ்டூல்மேல் நின்றுகொண்டு சிரித்த முகமாக, "கீழயும் போச்சா அக்கா?" என்று கேட்டார். போயிற்று என்றேன். "அப்போ ரெண்டு வீட்டுக்கும் ஒரே லைனு. தெரிஞ்சுபோச்சு. இனி பால் காச்சிரலாம்" என்று இறங்கினார்.

நான் வீட்டைப் பூட்டிவிட்டு, கரமனை பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். வெளியே கிளம்பினால் எல்லா சுவிட்சையும் அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் போவேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் எந்த எந்திரம் எதற்காக எரியும், எதற்காக எரியாது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாம் எரியும் என்றே வைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவள் வீட்டு மாடியில்தான் இப்படி ஒருவர்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. என்னைவிட இளையவர்தான். ஆனால் முதல் நாளே என் வாயில் மேடம் என்று வந்துவிட்டது. "என்னத்துக்கு அக்கா மேடம்? பேரச் சொல்லுங்க" என்று பல தடவை சொல்லிப் பார்த்தார். வாய் திரும்பவில்லை. பிறகு தெருவுக்கே அவர் மாடி மேடம் ஆகிவிட்டார்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர். இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அங்கே மாதம் ஒரு தடவை வேண்டுமென்றே கரண்டை நிறுத்துவார்களாம், ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடுகிறதா, கம்ப்யூட்டர்கள் நிற்காமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. சுவிட்சில் கை வைக்க மற்றவர்களுக்குப் பயம் என்பதால் அந்த வேலை எப்போதும் இவருக்குத்தான் வருமாம். அந்த வேலையால் இவர் இப்படி ஆனாரா, இவர் இப்படி இருந்ததால் அந்த வேலை இவரிடம் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

குடிவந்த முதல் வாரத்தில் ஒருநாள் பொழுது சாய்ந்தும் அவரைக் காணோம். நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டால், தப்பான ஸ்டாப்பில் இறங்கினாராம். தூங்கிவிட்டீர்களா என்றேன். இல்லையாம், வேண்டுமென்றே இறங்கினாராம். என்றைக்காவது தப்பாக இறங்கத்தான் போகிறோம், அன்றைக்கு அவசரமாக இருக்கும், அதனால் அவசரம் இல்லாத நாளில் ஒருதடவை தப்பாக இறங்கி, வழி கேட்டு நடந்து வந்து பார்த்தாராம். எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாவியை உள்ளே வைத்துவிட்டு வேண்டுமென்றே கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். அப்புறம் சாலைக் கடைத்தெருவில் பூட்டுக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து திறந்தார். பூட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மேடத்துக்கு வேறு ஏதாவது பிரச்சினை உண்டா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். சொல்லும்போது எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

அவருக்கு ஒருமுறை கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோயிருக்கிறது. தெருவில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். அவரே ஒருநாள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே என்னிடம் சொன்னார். மாப்பிள்ளை எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தாராம். கோபம் வந்தால் எப்படி இருப்பார் என்று பார்ப்பதற்காக, வருகிறேன் என்று சொன்ன இடத்துக்கு இவர் ரொம்ப நேரம் கழித்துப் போனாராம். "போன எடத்துல வச்சு எல்லாரும் பாக்கச் சத்தம் போட்டாரு அக்கா. என் அம்மாவைச் சேத்துச் சொன்னாரு. பாத்தாச்சு, வந்துட்டேன்." அவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினார். வருத்தமா நிம்மதியா என்று அந்த முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மனுஷர்களையுமா இப்படிச் சோதிப்பது என்று அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மேடம் வருவதற்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துபோயின. பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதிலுக்கு வருவது ஒரு "ம்ம்" மட்டும். வேண்டும் என்றாலும் ம்ம், வேண்டாம் என்றாலும் ம்ம். நாளெல்லாம் கடையில் நின்று வாய் ஓயாமல் பேசிய மனுஷர்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னிடம் சொன்னது இதுதான்: பழகிய குரல்களைக் கேட்க வையுங்கள், அவர் தினமும் பழக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல் ஏதாவது இருந்தால் அதுதான் முதலில் திரும்பி வரும், வராமலும் போகலாம். "உறப்பு பறயான் பற்றில்ல சேச்சி" என்று மலையாளத்தில் சொல்லி, உறுதியாகச் சொல்ல முடியாததற்கு அவளே வருத்தப்பட்டாள்.

பழக்கமான சொல் ஒன்று இருந்தது. என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமராவை வைத்துக்கொண்டு இவர் எல்லாவற்றையும் எடுப்பார். மகளுக்குப் பல் விழுந்தது, கோயில் பொங்காலைக்கு நான் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கியது, கோவளத்தில் செருப்பைத் தொலைத்தது. எடுத்தவர் இவர் என்பதால் ஒரு படத்திலும் இவர் முகம் இருக்காது. குரல் மட்டும் இருக்கும். ஒவ்வொரு படமும் தொடங்கும்போது திரை இருட்டாக இருக்க, இவர் சொல்வார்: "ஓடுது, ஓடுது. நடக்கட்டும்." அப்புறம்தான் நாங்கள் தெரிவோம்.

டேப்பில் இருந்த எல்லாவற்றையும் முன்பே ஸ்டுடியோவில் கொடுத்துச் சீடியாக்கி வைத்திருந்தோம். இவருக்கு இப்படி ஆனபிறகு நான் அந்தச் சீடிகளைப் பழைய பட்டுத்துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, பாச்சை உருண்டையும் வைத்து, பீரோவில் பூட்டிவிட்டேன். போட்டால் கீறல் விழும். கீறல் விழுந்தால் அந்தக் குரல் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். அந்தப் பெண் கேட்க வையுங்கள் என்று சொன்ன பிறகும் எனக்குக் கை வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று மாதங்கள் போயின.

மேடம் ஒருநாள் கறிவேப்பிலைக்காகக் கீழே வந்தவர், நாற்காலியில் இருந்த இவரைப் பார்த்துவிட்டு என்னிடம், "சாரோட கொரல் எப்பிடி இருக்கும் அக்கா? நான் கேட்டதே இல்லியே" என்றார். நான் பீரோவைத் திறந்தேன்.

டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டார். பத்திரமாகத்தானே இருக்கிறது என்றேன். "பத்திரமா இருக்குன்னு எப்பிடித் தெரியும் அக்கா? போட்டுப் பாத்தாத்தானே" என்றார். இரண்டு சீடிகள் ஓடவில்லை. ஒன்றை ஆபீஸில் வேறு எந்திரத்தில் போட்டு எப்படியோ மீட்டார். மற்றது, மகளுக்குக் காது குத்திய நாள், போனது போனதுதான். நான் அழுதேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் இருப்பதை இனி ஒரே இடத்தில் வைக்கவே கூடாது என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் எங்கள் ஹாலுக்கு அந்தப் பெட்டி வந்தது. எங்கிருந்தோ வாங்கிய பழைய கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று போனாலும் மற்றதில் அதே படங்கள் இருக்கும். மூன்றாவதாக ஒரு பிரதி பெங்களூரில் மகளிடம். பெட்டி ஒரு மூலையில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், டிவியில் கேட்டதை எடுத்துக் கொடுக்கும், சீடியும் வேண்டாம் கீறலும் இல்லை. சர்வர் என்றார். "நம்ம வீட்டுக்குள்ள நமக்குன்னு ஒரு டிவி ஸ்டேஷன் அக்கா, அவ்வளவுதான்." டிவியில் படங்கள் வரிசையாகத் தெரியும். இவர் இடது கையால் ரிமோட்டை அமுக்கினால் போதும். வேண்டாத பொத்தான்கள் மேலெல்லாம் மேடம் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார்.

ஒவ்வொரு படத்துக்கும் என்ன பெயர் போட என்று கேட்டார். தேதி எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அப்படியென்றால் ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார். இப்போதும் எங்கள் டிவியில் 'கோவளம், செருப்பு தொலைந்தது' என்றும், 'மகளுக்குப் பல் விழுந்தது, சிரிக்க மாட்டேன் என்றாள்' என்றும்தான் இருக்கிறது.

முதல் நாள் அந்தக் குரல் ஹாலில் கேட்டதும் இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நிறுத்துங்கள் என்று நான் மேடத்தின் கையைப் பிடித்தேன். அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் இவராகவே மெல்லத் திரும்பினார். அன்றிலிருந்து காலையும் மாலையும் அதே வேலை. குரல் வரும்போது உதடு அசையும். சத்தம் வராது.

நான்தான் பெட்டியைப் பாடாய்ப் படுத்தினேன். தூசி படுகிறதே என்று பூப்போட்ட விரிப்பால் சுற்றினேன். அப்புறம் யாராவது தட்டிவிடுவார்கள் என்று பீரோவுக்குள்ளேயே வைத்து, வயருக்கு மட்டும் இடம் விட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டாம் நாள் அது நின்றுபோயிற்று. மேடம் பீரோவைத் திறந்து, பெட்டிமேல் கை வைத்து, கையை உதறினார். "மூச்சு முட்டிச் செத்திருக்கும் அக்கா. கூட பாச்சை உருண்டை வேறயா?" என்றார். கோபமே இல்லை. கொஞ்சம் சுவாரசியமாகக்கூட இருந்தது அவருக்கு. இப்படியும் நிற்கும் என்று தெரிந்துகொண்டாராம்.

அடுத்தது என் சுவிட்சுப் பழக்கம். கோயிலுக்குப் போனாலும் மளிகைக்குப் போனாலும் எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன். பெட்டியைப் பட்டென்று அணைக்கக்கூடாது என்று சொல்லிப் பார்த்தார். தலையாட்டுவேன், வாசல் வரை போவேன், திரும்பி வந்து அணைத்துவிட்டுப் போவேன். ஒருநாள் இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "உங்கள மாத்த முடியாது. பெட்டியத்தான் மாத்தணும்" என்றார். கரண்டு வந்ததும் அது தானாக எழுந்துகொள்ளும்படி ஏதோ செய்தார். செய்துவிட்டு, இவர் படம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் இரண்டு பேர் கண்முன்னாலும் பிளக்கைப் பிடுங்கினார்.

எனக்கு உயிர் போய் வந்தது. "என்ன மேடம் செய்யுதிய" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "கெட்டா இப்போ கெடட்டும் அக்கா. நான் பக்கத்துல நிக்கேன், வெளிச்சம் இருக்கு, வேற பிரதி இருக்கு. கெடுகதுக்கு இதவிட நல்ல நேரம் கெடைக்குமா?" என்றார். திரும்பச் செருகினார். பெட்டி முனகிக்கொண்டு எழுந்தது. மறுபடியும் பிடுங்கினார். மூன்றாவது தடவை இவர் ஒரு சத்தம் போட்டார். சிரிப்பு. பக்கவாதத்துக்கு அப்புறம் நான் கேட்ட முதல் சிரிப்பு.

ஒன்று மட்டும் தானாகச் சரியாகவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செருகினால் டிவியால் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. இங்கிலீஷில் ஏதோ எழுதிக் காட்டிவிட்டு நிற்கும். வரிசை உண்டு. முதலில் மோடம், அதாவது பெட்டியையும் டிவியையும் இணைக்கிற சின்ன டப்பா; அதன் விளக்கு துடிப்பதை நிறுத்தும்வரை பொறுக்கவேண்டும். அப்புறம் பெட்டி. கடைசியில் டிவி. எனக்கு மறந்துபோகும் என்றேன். "முதல்ல அடுப்பு, பொறவு உலை, கடைசில அரிசி. இது மறக்குமா?" என்றார். மறக்காதுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நான் படியேறி அவரைத்தான் கூட்டிவருவேன். என் கை பட்டால் எதுவும் நல்லபடியாக நடக்காது என்பது எனக்கு நிச்சயம்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார். "அக்கா, இன்னையிலேருந்து ஒரு வாரத்துக்கு நான் இல்ல, கேட்டியளா."

ஊருக்கா என்று கேட்டேன்.

"இல்ல, மாடியிலதான் இருப்பேன். பெட்டி விசயத்துக்கு மட்டும் இல்ல. செத்துப்போயிட்டேன்னு வச்சுக்கிடுங்க."

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, விளக்கேற்றிய வீட்டில். "அச்சாணியமாப் பேசாதீங்க மேடம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வானம் கறுத்து இடி இறங்கியது. நான் ஓடி ஓடி எல்லா பிளக்கையும் பிடுங்கினேன். இவர் கோவளம் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் டிவி இருண்டது. மழை விட்டதும் அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துச் செருகிவிட்டேன். டிவி இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. இவர் நாற்காலிக் கையை இடது கையால் தட்ட ஆரம்பித்தார். ம்ம், ம்ம் என்று சத்தம் ஏறியது. நெற்றியில் நரம்பு புடைத்தது. டாக்டர் அவரைப் படபடக்க விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

படியேறினேன். மேடம் மொட்டை மாடியில் நனைந்த துணிகளைப் பிழிந்து மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கிளிப்பை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். கல்யாண மாப்பிள்ளையை நிற்க வைத்ததுபோல் என்னையும் நிற்க வைக்கிறாள் என்று நினைத்தேன். ஆமாம், மனசுக்குள் அவள் என்றுதான் வந்தது. மரியாதையெல்லாம் போய்விட்டது. வாடகைக்கு வேறு ஆள் பார்க்கவேண்டும் என்றுகூட நினைத்தேன். கீழே தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இறங்கினேன்.

எல்லாவற்றையும் பிடுங்கினேன். அடுப்பு. மோடத்தைச் செருகினேன். விளக்கு துடித்தது. இவரைப் பார்த்து, பொறுங்க, இந்தா ஆச்சு என்று சொல்லிக்கொண்டே அந்த விளக்கை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நின்றது. உலை. பெட்டி முனகியது, பச்சை விளக்கு வந்தது. நான் சாமி பெயரெல்லாம் சொல்லி முடித்து அரிசியைப் போட்டேன். டிவியில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் உட்கார்ந்தன, பல் இல்லாத மகள், புகைக்கு நடுவில் நான். ரிமோட்டை அவர் இடது கையில் கொடுத்தேன். அமுக்கினார்.

திரை இருட்டு. "ஓடுது, ஓடுது. நடக்கட்டும்" என்றது குரல். கடல் வந்தது. அப்புறம் மறுபடியும் ஒரு குரல். படம்தான் இரண்டு தடவை சொல்கிறது என்று நினைத்துவிட்டேன். இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

"ஓ...து" என்றார் இவர். வாய் கோணியது. எச்சில் வழிந்தது. மறுபடி கூட்டிச் சேர்த்தார். "ஓடுது."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாசல் பக்கம் அசைவு தெரிந்தது. படியின் கடைசியில் மேடம், தோளில் ஈரத்துணி, கையில் அந்தக் கிளிப். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி ஏறிப் போனார். வாரம் முடிய இன்னும் நாள் இருந்தது. முடியும்வரை பெட்டிப் பக்கம் வரவே இல்லை.

முடிந்த அன்று வந்து, கோழிக்கோட்டுக்கு வேலை மாற்றம் வந்திருக்கிறது என்றார். உத்தரவு அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே வந்துவிட்டதாம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் போய்விட்டார். கிளம்புகிற அன்று மாடியில் மெயின் சுவிட்சை ஒருதடவை அணைத்துப் போட்டார். என் மிக்ஸி நின்று, மறுபடி ஓடியது. அதுதான் சொல்லிக்கொண்டு போனது.

வருஷங்கள் ஆகிவிட்டன. இவர் இப்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறார். காலையில் கொஞ்ச நேரம் கடையில் உட்கார்ந்து, குடத்துக்கு விலை சொல்கிறார். பெட்டியில் ஒரு டிஸ்க் போயிற்று. மற்றதில் எல்லாம் இருந்தது.

போன ஓணத்துக்கு மகள் வந்தாள். மோடம், பெட்டி, டிவி என்று நான் வரிசையாகச் செருகுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இத ஆட்டோமேட்டிக்கா ஆக்க ஒரு நிமிஷம் போதும். அவ்வளவும் செஞ்சவங்க இத மட்டும் ஏன் விட்டாங்க?" என்றாள். லேப்டாப்பைத் திறக்கப் போனாள். வேண்டாம் மக்ளே, அது அப்படியே கிடக்கட்டும் என்றேன்.

மேடம் எப்போதாவது போன் செய்வார். நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரே கேள்வி: "பிடுங்கிப் பாத்தியளா அக்கா?"

பார்க்கிறேன். மாதம் ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில், இவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்குகிறேன். நெஞ்சு இன்னும் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அடுப்பு, உலை, அரிசி. திரை இருட்டாக இருக்கும்போதே, உள்ளே இருக்கிற குரல் வருவதற்கு முன்னால், நாற்காலியிலிருந்து இவர் முந்திக்கொண்டு சொல்வார்: "ஓடுது, ஓடுது. நடக்கட்டும்."